போணிக்குள்ளிருந்து கேட்டது

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனை இளையவர்கள் இரண்டு காரியத்துக்குத்தான் கூப்பிடுகிறார்கள். ஒன்று, கல்யாணப் பத்திரிகை வைக்க. இன்னொன்று, எதையாவது எழுதித் தரச் சொல்ல. போன மாதம், என்னோடு கடைசிக் காலத்தில் வேலை பார்த்த ஒரு பெண் கூப்பிட்டாள். பேச்சுப் பயிற்சியை இப்போதெல்லாம் கைப்பேசித் திரையிலேயே நடத்துகிறார்களாம். குழந்தை ஓர் ஊரில், பயிற்சி கொடுப்பவர் வேறோர் ஊரில். நடுவில் இருக்கும் தாய் தகப்பனுக்கு என்ன செய்வதென்று தெரிய வேண்டுமே.

“தாணு சாரே, பேரன்ட்ஸுக்கு ஒரு பத்து பாயின்ட் எழுதித் தாங்கோ. சின்னக் குட்டிங்க நல்லா பேசறதுக்கு வீட்டில என்னெல்லாம் செய்யணும்னு. ஒரு பேஜ் போதும், கேட்டோ?”

ஒரு பக்கம்தானே என்று உட்கார்ந்தேன். முதல் பாயின்ட் எழுதினேன்: ‘வாயை மூடிக்கொண்டு இருங்கள்.’ திரும்பப் படித்துப் பார்த்தபோது, இதைப் படிக்கும் பெற்றோர் என்னை அடிக்க வருவார்கள் என்று தோன்றியது. அதை விளக்கப் போனால் அருணாசலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அருணாசலத்தைப் பற்றிச் சொன்னால் என் தலையில் எவர்சில்வர் போணி மாட்டியதைச் சொல்லாமல் தீராது. பத்து பாயின்ட் அங்கேயே நின்றுவிட்டது. நடந்ததையே எழுதிவிடுகிறேன்.

எனக்கு ஊர் நாகர்கோவில். படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நாக்கில் என்னென்ன தசை, காதில் என்னென்ன எலும்பு என்று மனப்பாடம் செய்தேன், பாஸானேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருவனந்தபுரத்தில், தம்பானூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு சிறிய கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தேன். கீழே புரோட்டாக் கடை, முதல் மாடியில் லாட்ஜ், இரண்டாம் மாடியில் நாங்கள். லாட்ஜுக்கு வருகிறவர்கள் ஒரு மாடி கூடுதலாக ஏறி, எங்கள் வரவேற்பறையில் பெட்டியை வைத்துவிட்டு ரூம் கேட்பார்கள். ஒருவர் காது பரிசோதனை அறைக்குள்ளேயே போய்ப் படுத்துவிட்டார். எழுப்பினால், “நல்ல அமைதியான ரூமு, இதுவே போதும்” என்றார்.

அவ்வளவு அமைதியெல்லாம் கிடையாது. சுவர் முழுக்கத் தெர்மோகோல் ஒட்டியிருந்தோம். ஆனாலும் பக்கத்து ரயில்வே ஸ்டேஷனில் எஞ்சின் ஊதினால் உள்ளே கேட்கும். அதனால் ரயில்வே கால அட்டவணையைக் கதவில் ஒட்டி வைத்து, இரண்டு ரயில்களுக்கு நடுவில்தான் பரிசோதனை. வண்டி லேட் என்றால் காதும் லேட்.

கிளினிக்கை நடத்தியவர் மேரிக்குட்டி மேடம். கோட்டயத்துக்காரர். ஐந்தடிக்கும் குறைவான உயரம். என்னோடு ஒருவகைத் தமிழில் பேசுவார். அது தமிழ்தான் என்று அவர் நம்பினார், நானும் மறுத்ததில்லை. குழந்தை உள்ளே வருவதற்கு முன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜை டிராயரில் போடுவார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பாயில் உட்காருவார். அப்புறம் ஒன்றுமே செய்ய மாட்டார். குழந்தை வந்து முறைத்துப் பார்க்கும். மேடம் ஒரு பொம்மை பஸ்ஸை இரண்டு அங்குலம் நகர்த்துவார். குழந்தை பார்க்கும். இன்னும் இரண்டு அங்குலம். கடைசியில் குழந்தைக்கே பொறுக்காமல் வந்து பஸ்ஸைப் பிடுங்கும். “ஆ… பஸ் போச்சு” என்பார் மேடம். அன்றைய முதல் வார்த்தை அதுதான்.

நான் சேர்ந்த முதல் வாரம், இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்து, படம் வரைந்த அட்டைகளை ஒவ்வொன்றாக நீட்டி, “இது என்ன? இது என்ன?” என்று ஒரு குழந்தையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். குழந்தை பீரோவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. மேடம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“தாணு, நீ டீச்சரோ, போலீஸோ?”

“தெரபிஸ்ட், மேடம்.”

“எங்கில் தாழ உட்காரு. பூனையா மாறு.”

நான் தரையில் உட்கார்ந்து, மரியாதையாக, “மியாவ்” என்றேன்.

“எந்தா இது? பென்ஷன் கேட்டு மனு கொடுக்கற பூனையோ? கையும் காலும் ஊனிப் போ!”

அன்று முழங்கால் தேய நான் பீரோவைச் சுற்றி வந்த பிறகுதான் குழந்தை வெளியே வந்தது. அதற்குப் பிறகு நான் முழுக்கைச் சட்டை போட்டதில்லை. அந்தக் கிளினிக்கில் இருந்த பதினைந்து வருடத்தில் பூனை, எருமை, மழையில் நனைந்த காக்கை, ஸ்டார்ட் ஆகாத ஆட்டோ என்று எல்லாமாகவும் ஆகியிருக்கிறேன். ஆட்டோ என்றால் எனக்கே கொஞ்சம் பெருமை உண்டு.

சேர்ந்து ஆறேழு வருடம் கழித்துத்தான் அருணாசலம் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். திருவனந்தபுரத்தில், சாலைக் கடைத்தெருவில் எவர்சில்வர் பாத்திரக் கடை. மனைவி செண்பகம், மூன்றரை வயதுப் பெண் முத்து. குழந்தை ஒரு வார்த்தை பேசவில்லை. தேவையானதைக் கையைப் பிடித்து இழுத்துக் காட்டும், இல்லையென்றால் அழும். ஐந்தாறு மாதத்தில் பள்ளிக்கூட இன்டர்வியூ. ஊரில் அருணாசலத்தின் அண்ணன், “ஊமைப் பிள்ளைதான், பெத்தவ வாய் தொறந்தாத்தானே பிள்ளை தொறக்கும்” என்று பத்துப் பேர் முன்னால் சொல்லிவிட்டாராம். இதையெல்லாம் எங்களுக்குச் சொன்னவர் அருணாசலம். செண்பகம் தலையைக் குனிந்துகொண்டு புடவை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தார்.

முதலில் காது. பேசாத குழந்தை வந்தால் வேறு எதையும் யோசிப்பதற்கு முன் காது கேட்கிறதா என்று பார்த்துவிட வேண்டும், அது மேடத்தின் சட்டம். காதில் ஹெட்போன், கையில் மரக்கட்டை, எதிரே ஒரு பிளாஸ்டிக் வாளி. சத்தம் கேட்கும்போதெல்லாம் கட்டையை வாளியில் போட வேண்டும். முத்து முதல் இரண்டு சத்தத்துக்கு ஒழுங்காகப் போட்டாள். மூன்றாவது சத்தத்துக்கு வாளியைக் கவிழ்த்துத் தலையில் போட்டுக்கொண்டாள். எடுத்து வைத்தேன். மறுபடி போட்டுக்கொண்டாள். பாத்திரக் கடைப் பிள்ளை, கிடைக்கிற பாத்திரத்தையெல்லாம் தலையில் கவிழ்ப்பதுதான் அவளுக்கு விளையாட்டு. மூன்று நாள், ஆறு ரயில் இடைவெளிகளில், துண்டு துண்டாகப் பரிசோதனையை முடித்தோம். காது அருமையாகக் கேட்டது.

அடுத்தது மேடம் வழக்கமாகச் செய்வது. பெற்றோரைக் குழந்தையோடு பத்து நிமிஷம் பாயில் விளையாடச் சொல்வார். நாங்கள் மூலையில் உட்கார்ந்து, அவர்கள் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் தாளில் ஒரு கோடு போடுவோம். அருணாசலம் ஆரம்பித்தார்.

“முத்து, இது என்ன? பஸ்ஸு. பஸ்ஸு சொல்லு. சொல்லு பாப்போம். இது என்ன கலரு? செவப்பு. செவப்பு சொல்லு. பஸ்ஸு எங்க போவுது? கெழக்கேகோட்டைக்குப் போவுதா? சொல்லுட்டி. அப்பா பேரு என்ன? அப்பா பேரைச் சொல்லு. ஏன் சொல்ல மாட்டேங்க? மாமா பாக்காகல்லா?”

எனக்குக் கை வலித்தது. தாளைத் திருப்பி மறுபக்கத்திலும் கோடு போட்டேன். இந்தப் பத்து நிமிஷத்தில் முத்து நாலைந்து முறை ஏதோ சொல்ல வாயைத் திறந்ததை மேடமும் நானும் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் அதற்குள் அடுத்த கேள்வி வந்து விழுந்தது.

பிறகு செண்பகத்தின் முறை. அவர் பாயில் உட்கார்ந்து, ரொம்ப யோசித்து, “கம், முத்து” என்றார். முத்து வந்தாள். “சிட், முத்து.” உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, “குட், முத்து” என்றார். அதோடு தீர்ந்துவிட்டது. எங்களைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

நான் அருணாசலத்தைப் பார்த்தேன். அவர் பெருமையாகச் சொன்னார்: “ஒரு வருஷமா வீட்டுல தமிழே கெடையாது, சார். ஸ்கூல் இன்டர்வியூல இங்கிலீஷ்லதான் கேப்பாகளாம். தமிழும் மலையாளமும் இங்கிலீஷும்னு மூணையும் போட்டுக் கொழப்புனா பிள்ளை பேசாதுன்னு கடைக்கு வந்த ஒரு கஸ்டமர் சொன்னாரு. அதான் இவகிட்ட கண்டிஷனா சொல்லிட்டேன், பிள்ளைகிட்ட இங்கிலீஷ் தவிர எதுவும் பேசப்பிடாதுன்னு.”

மேடம் செண்பகத்திடம் கேட்டார்: “அம்மாவுக்கு இங்கிலீஷ் எத்தனை வாக்கு அறியும்?”

செண்பகம் விரல் விட்டு எண்ணினார். “கம், சிட், ஈட், ஸ்லீப், நோ, குட். அப்பறம் பாத்ரூம்.”

“தமிழில எத்தனை அறியும்?”

செண்பகத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கப் பார்த்து, முடியாமல், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மேடம் அருணாசலத்தின் பக்கம் திரும்பினார். “ஒரு வருஷமா குட்டிக்கு ஏழு வாக்குதான் தின்னக் கொடுத்திட்டுண்டு. ஒரு வீட்டில ரெண்டு பாஷை, மூணு பாஷை கேட்டு குட்டிகள் சுகமா வளரும். பாஷை கூடினதால ஒரு குட்டியும் பேசாம ஆகல்ல. அம்மா அம்மாவோட பாஷையில பேசட்டும். தோசை சுடும்போ தோசையைப் பற்றி, குளிப்பிக்கும்போ வெள்ளத்தைப் பற்றி. நீங்க…”

“நான் எந்த பாஷையில பேசணும், மேடம்?”

“நீங்க பேச வேண்டாம்.”

ஸ்டேஷனில் எஞ்சின் ஒன்று ஊதி முடித்தது.

அப்புறம் மேடம் விளக்கினார். குழந்தையின் கண்ணுக்கு நேராகத் தரையில் உட்கார வேண்டும். அவள் எதைப் பார்க்கிறாளோ, எதைச் செய்கிறாளோ அதைப் பற்றி ஒரு சின்ன வாக்கியம் சொல்ல வேண்டும். கேள்வி கூடாது, ‘சொல்லு’ கூடவே கூடாது. சொன்ன பிறகு மனசுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருக்க வேண்டும். அவள் ஏதாவது சத்தம் கொடுத்தால், ஒரு கையசைப்பு காட்டினால், அதைப் பேச்சாகவே எடுத்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். அவள் ஒரு வார்த்தை சொன்னால் அதில் இன்னொரு வார்த்தை சேர்த்துத் திருப்பித் தர வேண்டும். அவ்வளவுதான்.

“பத்து வரைக்குமா?” என்றார் அருணாசலம். பட்டினி கிடக்கச் சொன்னது போல இருந்தது அவர் முகம்.

அடுத்த வாரம் வந்தபோது அருணாசலம் மெலிந்து தெரிந்தார். எண்ணுவது பழகிப்போய், கடையிலும் வந்துவிட்டதாம். “இந்தக் குக்கர் எவ்வளவு?” என்று வாடிக்கையாளர் கேட்டால் இவர் புன்னகையோடு பத்து வரை எண்ணுகிறார். பாதிப் பேர் போய்விடுகிறார்கள். மீதிப் பேர், அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல், அவர்களே ஒரு விலையைச் சொல்லி, அவர்களே அதை ஏற்றியும் விடுகிறார்களாம். வியாபாரம் லாபமா நஷ்டமா என்று அவருக்கே தெரியவில்லை.

வீட்டில் வேறொன்று நடந்திருந்தது. அவர் எண்ணிக்கொண்டிருந்த இடைவெளிகளில் செண்பகம் பேச ஆரம்பித்திருந்தார். முதலில் முத்துவிடம். அப்புறம் அவரிடம். அடுப்பு சரியில்லை என்பதிலிருந்து அண்ணன் சொன்னது எவ்வளவு தூரம் தைத்தது என்பது வரை.

“கல்யாணம் ஆனதுலேருந்து எனக்கு வாய் தொறக்க எடமே கெடைக்கல, மேடம்” என்றார் செண்பகம், கணவர் பக்கத்தில் இருக்கும்போதே. “இவுக நிறுத்துனாத்தானே நான் பேச? இப்ப பத்து எண்ணுதாக. அதுக்குள்ள நான் எவ்வளவோ சொல்லிப்புடுதேன்.”

அருணாசலம் ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டார். உதடு அசைவதை வைத்து எண்ணுகிறார் என்று கண்டுபிடித்தேன்.

முத்துவிடம் மாற்றம் தெரிந்தது. அழுகை குறைந்தது. விரலால் சுட்டினாள், செண்பகத்தின் முகத்தைத் திருப்பிப் பார்க்க வைத்தாள், ‘ம்ம்’, ‘ஆ’ என்று ராகம் போட்டாள். ஆனால் வார்த்தை வரவில்லை. ஒரு மாதம் போனது, இரண்டு மாதம் போனது. இன்டர்வியூ நெருங்கியது. அருணாசலத்துக்கு நம்பிக்கை ஆட்டம் கண்டது. எனக்கும்தான். ஒருநாள் மேடத்திடம், அட்டைகளை எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். மேடம் டிராயரைத் திறந்து கடிகாரத்தை எடுத்து என் கையில் கொடுத்து, “இது உனக்கு வேணுமெங்கில் வெச்சுக்கோ. குட்டிக்கு வேண்டாம்” என்றார். அவசரம் எனக்குத்தான் என்று புரிந்துகொண்டு திருப்பிக் கொடுத்தேன்.

போணி வந்தது அதற்கு அடுத்த சனிக்கிழமை. முத்துவுக்குப் பாத்திரம்தான் பிடிக்கிறது என்றால் பாத்திரத்தை வைத்தே விளையாடுவோம் என்று, அருணாசலத்தைக் கடையிலிருந்து ஒரு பை நிறையப் பாத்திரம் கொண்டு வரச் சொல்லியிருந்தேன். பாயில் பரப்பினோம். முத்து ஒரு கிண்ணத்தைத் தலையில் கவிழ்த்தாள். நானும் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்தேன். “தொப்பி” என்றார் செண்பகம். முத்து சிரித்தாள். அவள் ஒரு வடிதட்டை வைத்தாள், நானும் ஒன்றை வைத்தேன். பிறகு அவள் ஒரு போணியை எடுத்து என்னிடம் நீட்டினாள். வாய் குறுகி, வயிறு பருத்த, தண்ணீர் மொண்டு வைக்கிற போணி. குழந்தை தானாக ஒன்றைக் கொடுக்கிறாள், மறுக்கலாமா? கொஞ்சம் அழுத்தித்தான் போட்டேன். காதைத் தாண்டி, மூக்கைத் தாண்டி, தாடை வரை இறங்கியது.

இறங்கியது ஏறவில்லை.

உள்ளே இருட்டு. என் மூச்சு எனக்கே புயல் மாதிரி கேட்டது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். காது இரண்டும் மடங்கி, “மாட்டேன்” என்றன. அப்போது கதவு திறக்கும் சத்தம். அன்று ஒரு சங்கத்தின் தலைவர் கிளினிக்கைப் பார்க்க வருவதாக இருந்தது, காது பரிசோதிக்கும் புது ஆடியோமீட்டர் ஒன்று வாங்கித் தர யோசித்துக்கொண்டிருந்தார். எனக்கு அது சுத்தமாக மறந்துபோயிருந்தது.

“இது எங்களோட சீனியர் தெரபிஸ்ட், மிஸ்டர் தாணு” என்று மேடத்தின் குரல் வெளியே எங்கோ தூரத்தில் கேட்டது. நான் போணியோடு வணக்கம் வைத்தேன்.

“அய்யோ, எந்து பற்றி?” என்ன ஆயிற்று என்று பதறியது ஒரு கனத்த குரல்.

“பயப்படாதீங்க சார், நம்ம கடைச் சரக்குதான்” என்றது அருணாசலத்தின் குரல். “நல்ல கனம், வெட்டுனாக்கூட வெட்டுப்படாது.”

“எல்லாரும் மிண்டாதிருங்கோ!”

மேடம் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். எல்லாரும் அடங்கினார்கள். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு செண்பகம் சொல்லித்தான் தெரியும்: முத்து எழுந்து என் முன்னால் வந்து நின்று, இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடியிருக்கிறாள். உள்ளே நான் பழக்க தோஷத்தில் எண்ணிக்கொண்டிருந்தேன். ஆறு. ஏழு. எட்டு.

“மாட்டிட்டு!”

மணியடித்தது போல அது போணிக்குள் கேட்டது. சின்னக் குரல், கொஞ்சம் கரகரப்பு. மாட்டிட்டு. அப்படியே திருநெல்வேலித் தமிழ்.

யாரும் கை தட்டவில்லை, யாரும் ‘இன்னொரு தடவை சொல்லு’ என்று கேட்கவில்லை. அருணாசலம் தன் வாயைத் தானே கையால் பொத்திக்கொண்டிருந்தாராம். செண்பகம் முட்டி போட்டு உட்கார்ந்து, சாதாரணமாக, அடுப்பங்கரையில் பேசுவது போலச் சொன்னார்: “ஆமா. மாமா தல மாட்டிட்டு.”

உள்ளே நான் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன்.

“தல மாட்டிட்டு” என்றாள் முத்து. அப்புறம் யாரோ விம்மும் சத்தம் கேட்டது. அது செண்பகம் என்று நினைத்தேன். சங்கத் தலைவராம்.

கீழே புரோட்டாக் கடையிலிருந்து தேங்காய் எண்ணெய் வாங்கி வந்து, செண்பகம் விளிம்பைச் சுற்றித் தடவ, அருணாசலம் என் தோளில் கால் வைக்காத குறையாக இழுக்க, போணி கழன்றது. காது இரண்டும் ஒரு வாரம் சிவந்திருந்தன. ஆடியோமீட்டர் வந்துவிட்டது.

எல்லாக் குழந்தைக்கும் இப்படி நடந்துவிடாது. சில குழந்தைகளோடு வருடக்கணக்கில் எருமையாக இருந்தும் மூன்று வார்த்தைதான் வந்திருக்கிறது. அந்த மூன்றுக்கும் நாங்கள் மிட்டாய் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். முத்துவுக்கும் மறுநாளே எல்லாம் கொட்டிவிடவில்லை. அடுத்த வாரம் இரண்டு வார்த்தை, அதற்கடுத்த வாரம் ஐந்து. தினம் குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் அந்தத் தாய் பேசிய பேச்சுதான் வேலை செய்தது. நான் சும்மா தலையைக் கொடுத்தேன்.

இன்டர்வியூ முடிந்த அன்று சாயங்காலமே மூன்று பேரும் படியேறி வந்தார்கள். அருணாசலம் எண்ணுவதை அன்று ஒருநாள் விட்டுவிட்டார்.

“சார், கேளுங்க! பிரின்சிபால் சிஸ்டர் இங்கிலீஷ்ல பேரு கேட்டாக. முத்து பேசல. ஆப்பிள் படத்தைக் காட்டினாக. பேசல. எனக்கு வேர்த்துக் கொட்டுது. அந்நேரம் பியூன் ஒரு கட்டு பைலைக் கீழ போட்டாரு. முத்து டக்குனு, ‘ஐயோ, எல்லாம் விழுந்துட்டு’ன்னா! சிஸ்டர் சிரிச்சுட்டாக. ‘குட்டி நல்லா பேசும், பட்சே இங்கிலீஷ் ஒட்டும் அறியில்லல்லோ’ன்னு கேட்டாக. நான் விட்டேனா? ‘அதச் சொல்லிக் குடுக்கத்தான சிஸ்டர், ஸ்கூலுன்னு ஒண்ணு இருக்கு’ன்னு ஒரே போடா போட்டேன்! சீட்டுக் கெடச்சிட்டு, சார்!”

மேடமும் நானும் அசந்து போனோம். அவரிடமிருந்து அப்படி ஒரு பேச்சை நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

செண்பகம் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “நீங்க எங்க சொன்னீங்க? நீங்க வேர்வையைத் தொடச்சிட்டு நின்னீங்க. நான்லா சொன்னேன்.”

“நான்தான்ட்டி சொன்னேன்.”

“நான் சொன்னேன்.”

பாயில் குந்தியிருந்த முத்து பொம்மை பஸ்ஸைக் கீழே வைத்தாள். யாரும் அவளிடம் கேட்கவில்லை. அப்பாவை ஏறிட்டுப் பார்த்து, சந்தேகத்துக்கே இடமில்லாமல் சொன்னாள்:

“அம்மதான் சொன்னா.”

மேடம் முத்துவின் பைலை எடுத்து, தேதி போட்டு, அந்த வாக்கியத்தை அப்படியே எழுதி, கீழே ஒரு கோடு இழுத்து மூடினார்.